கடல் நடுவே சலவை

அத்திப்பட்டு இரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நோக்கினால், முதலில் கண்ணில் படுபவை வடசென்னை அனல் மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள். அவற்றுக்கு அப்பால் காமராசர் துறைமுகம். அதற்கும் அப்பால் வங்கக் கடல். இப்பகுதியில் எப்பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். கொசத்தலையாற்றின் முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய், கழிமுகத்துச் சதுப்பு, நெடுங்காலமாக உப்பு விளைந்த பாத்திகள் என்று நீருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரே ஒரு வேட்டியைத் துவைத்து, அலசி, மொறமொறவென்று உலர்த்த வேண்டும் என்று முயன்று பாருங்கள். இவ்வளவு நீரும் உதவாது என்பது உடனே விளங்கும்.

இங்கிருந்து தெற்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்றால் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். விசைப்படகுகள் பல நாட்கள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கின்றன. புறப்படும்போது டீசலும் ஐஸும் நன்னீரும் ஏற்றப்படுகின்றன. படகில் இடம் குறைவு. எனவே ஏற்றிய நன்னீர் குடிப்பதற்கும் சோறு வடிப்பதற்கும்தான் முதலில். துணிக்கு மிஞ்சுவது சில லிட்டர்களே. அதையும் விரயம் செய்துவிட்டு, எந்திரம் பழுதாகிப் படகு நடுக்கடலில் நின்றுவிட்டால், அந்தச் சில லிட்டர்கள்தாம் உயிர்த்தண்ணீர். ஆகவே கடலில் துணி துவைப்பதை அற்பமான பேச்சென்று ஒதுக்கிவிட வேண்டாம். அதற்குள் ஒரு நல்ல பௌதிகக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

‘சுற்றிலும் கடல் இருக்கிறதே, அதிலேயே துவைத்தால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். துவைக்கலாம். பழைய பாய்க்கப்பல் மாலுமிகள் அழுக்குத் துணிகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டு இழுத்துச் செல்வதுண்டு. ஓடும் நீர் துணியை அடித்துத் துவைத்துவிடும். தூசி போகும், மீன் கவிச்சிகூட ஓரளவு போகும். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் அசையாது. அதற்குச் சோப்பு வேண்டும். கடல்நீரோ சோப்பின் பகைவன்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இவற்றில் பெரும்பகுதி நாம் உண்ணும் சோடியம் குளோரைடுதான். ஆனால் சோப்புக்கு வினையாவது, சுமார் 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் ஆகும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. கால்சியம் அல்லது மக்னீசியம் அயனியைக் கண்டதும் அது தன் சோடியத்தை விட்டுவிட்டு அவற்றுடன் சேர்ந்து, நீரில் கரையாத வெண்மையான மண்டியாகப் படிந்துவிடுகிறது. கிணற்றுநீர் கடினமாக உள்ள ஊர்களில் வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் அழுக்கு வளையம் இதுவே. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் கடல்நீரிலுள்ள இவ்விரு அயனிகளும் தீரும்வரை ஏறத்தாழ 40 கிராம் சோப்பு வீணாக வேண்டும். பதினைந்து லிட்டர் வாளிக்கு 600 கிராம்! அதன் பிறகுதான் நுரைக்கே வழி. போதாக்குறைக்கு, கரைசலில் ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் சோடிய அயனிகள் சோப்பையே கரையவிடாமல் வெளியே தள்ளுகின்றன. சோப்பு ஆலையில் கொதிக்கும் கலவையில் உப்பைக் கொட்டிச் சோப்பைப் பிரித்தெடுப்பதும் இதே முறையில்தான்.

இங்கே தேங்காயெண்ணெய்க்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களின் கார்பன் சங்கிலி குட்டையானது. அதனால் தேங்காயெண்ணெய்ச் சோப்பு மற்றவற்றைவிட உப்புநீரில் நன்றாகக் கரைந்து நுரைக்கும். கப்பலோட்டிகளுக்கென்று செய்யப்பட்ட ‘கடல் சோப்பு’ இவ்வகையைச் சேர்ந்ததே. இன்று அந்த இடத்தைச் சலவைத்தூள் பிடித்துக்கொண்டது. செயற்கைச் சலவைப் பொருள்களின் கால்சிய, மக்னீசிய உப்புகள் சோப்பினுடையவற்றைப் போல எளிதில் மண்டியாவதில்லை. இந்தியாவில் 1959-இல் சர்ஃபும், 1969-இல் நிர்மாவும் விற்பனைக்கு வந்தபின் கடின நீர் ஊர்களில் வீட்டுச் சலவையே மாறிப்போனது. படகுக்காரருக்கும் அவை உதவின. ஆக, கடல்நீரில் அழுக்கைப் போக்குவது இன்று பெரிய சிக்கல் அல்ல. அழுக்கு போனபின் தங்கிவிடும் உப்பை என்ன செய்வது என்பதே சிக்கல்.

கடல்நீரில் அலசிய லுங்கியைப் பகலில் கொடியில் போட்டால் காய்ந்தாற்போல் விறைத்து நிற்கும். இரவு அதையே உடுத்திப் படுத்தால் பிசுபிசுக்கும். யாரும் அதில் தண்ணீர் தெளிக்கவில்லையே, ஈரம் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை இழுத்துக்கொண்டு தானே கரையத் தொடங்குகிறது. மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசைக்காரன். அதற்கு 33 விழுக்காடே போதும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடி கசிவதும், அதற்காகப் பாட்டி அதில் நாலு அரிசியைப் போட்டு வைப்பதும் நினைவுக்கு வருகிறதா? கடலின்மேல் இரவுக் காற்று 85 விழுக்காடு ஈரத்துடன் இருப்பது சாதாரணம். அந்நிலையில் துணியில் தங்கிய 35 கிராம் உப்பு, சமநிலை அடையும்போது, ஏறத்தாழ 140 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு தம்ளர் தண்ணீரைத் துணியில் ஊற்றிக்கொண்டு படுப்பதற்கு ஒப்பானது இது. பகலிலோ அதே உப்பு படிகமாகி, இடுப்பிலும் அக்குளிலும் தோலை உரசுகிறது. நெடுநாள் கடலில் இருப்போருக்கு வரும் உப்புநீர்ப் புண்களுக்கு இந்த உரசலும் ஓயாத ஈரமும் காரணங்களாகும்.

எனவே கடைசி அலசலாவது நன்னீரில் நடந்தே தீர வேண்டும். எவ்வளவு நன்னீர்? இதுதான் நமது கணக்கு.

துவைத்துப் பிழிந்த துணிகள் ஒரு லிட்டர் கடல்நீரைத் தம்முள் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதாவது 35 கிராம் உப்பு. உங்களிடம் பத்து லிட்டர் நன்னீர் இருக்கிறது. அதை முழுவதுமாக ஒரே வாளியில் ஊற்றி அலசினால், உப்பு பதினொரு லிட்டரில் பரவும். மீண்டும் பிழிந்தால் துணியில் தங்குவது ஒரு லிட்டர். எனவே பதினொன்றில் ஒரு பங்கு உப்பு, ஏறத்தாழ 3.2 கிராம், மிஞ்சும். இப்போது அதே பத்து லிட்டரை ஐந்தைந்தாகப் பிரித்து இருமுறை அலசுங்கள். ஒவ்வொரு முறையும் உப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. இருமுறைக்கு முப்பத்தாறில் ஒரு பங்கு. மிஞ்சுவது ஒரு கிராமுக்கும் குறைவு. இரண்டிரண்டு லிட்டராக ஐந்து முறை அலசினால்? ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு. மூன்றை ஐந்து முறை பெருக்கினால் 243. மிஞ்சும் உப்பு 0.14 கிராம்! தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. ஆனால் முதல் முறையைவிட இருபத்திரண்டு மடங்கு சுத்தம்.

நீரைச் சம பங்குகளாகப் பிரிப்பதே சிறந்தது என்பதையும் நீங்களே நிறுவிப் பார்க்கலாம். இருமுறை அலசலில் பங்குகள் 8-ம் 2-ம் ஆனால் பெருக்கற்பலன் 9 × 3 = 27; 5-ம் 5-ம் ஆனால் 6 × 6 = 36. பங்குகளை மேலும் மேலும் சிறியனவாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கணிதம் படிக்கும் மாணவர்கள் கேட்பார்கள். எல்லையில் இது 22,000 மடங்கை எட்டும். படிக்குறித் தொடர் அறிந்தவர்கள் இதன் காரணத்தைக் கண்டுகொள்வார்கள். ஆனால் அதற்குள் கை ஓய்ந்துவிடும். நாலைந்து முறைக்கு மேல் போவதில் பயன் அதிகமில்லை.

பிழிவதன் அருமையும் இதே கணக்கில் தெரிகிறது. இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கி, துணியில் தங்கும் நீரை அரை லிட்டராகக் குறைத்துவிட்டால், இரண்டு லிட்டர் அலசல் ஒவ்வொன்றும் உப்பை ஐந்தில் ஒரு பங்காக்கும். ஐந்து முறைக்கு 3,125! கைவலிமையும் ஒருவகை நன்னீர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. துணியில் உள்ள நீரும் புதிதாக ஊற்றிய நீரும் முற்றிலும் கலந்துவிடுவதாகக் கொண்டே இக்கணக்கைப் போட்டோம். தடித்த துணியில் கலப்பதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ஊறவிட்டுக் கசக்க வேண்டும். மேலும், உப்பு இக்கணக்குக்கு அடங்குவதுபோலச் சலவைத்தூள் அடங்காது. அது நூலிழையில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே தூளைக் குறைவாகப் போடுவதே நீரை மிச்சப்படுத்தும் முதல் வழி.

இக்கணக்கை ஒருமுறை வகுப்பில் போட்டுக் காட்டியபோது, மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், “சார், எங்க அம்மா இன்னும் கெட்டிக்காரங்க” என்றார். அவர் வீட்டில் மூன்று வாளிகள் வரிசையாக இருக்குமாம். முதல் துணி மூன்றிலும் வரிசையாக அலசப்படும். முதல் வாளி கலங்கியதும் அதைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை முதலாவதாகவும் மூன்றாவதை இரண்டாவதாகவும் நகர்த்தி, கடைசியில் மட்டும் புதுநீர் பிடிப்பார்களாம். துணி ஒரு திசையில் செல்ல, நீர் எதிர்த் திசையில் வருகிறது. இதற்கு எதிரோட்ட முறை என்று பெயர். மிகத் தூய நீர் மிகத் தூய துணியையே சந்திப்பதால் ஒரு துளியும் விரயமாவதில்லை. சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து எஞ்சிய சாற்றைக் கழுவி எடுப்பது இம்முறையில்தான். படகில் கிடக்கும் மீனின் செவுளைத் திறந்து பாருங்கள். அங்கும் இரத்தம் ஒரு திசையிலும் நீர் எதிர்த் திசையிலும் ஓடித்தான் ஆக்சிஜன் மாற்றிக்கொள்ளப்படுகிறது.

நிலத்தில் வாழும் அந்த அம்மையாருக்கு ஏன் இந்தச் சிக்கனம்? மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகள் ஒரு காலத்தில் நன்னீர்க் கிணறுகள். 1960-களின் பிற்பகுதி தொடங்கி, நகருக்கும் ஆலைகளுக்குமாக இங்கு நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டது. கடற்கரையோரத்தில் நன்னீர், தன்னைவிடச் சற்று அடர்த்தியான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அடர்த்திகள் 1-ம் 1.025-ம் ஆகையால், நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் சமநிலைக்கு வரும்போது நாற்பது மீட்டர்வரை மேலேறிவிடக் கூடும். கடல்நீர் இவ்வாறு நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. படகின் சிக்கல் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டது எனலாம்.

கடல்நீரையே நன்னீராக்கினால் என்ன? காய்ச்சி வடிப்பதானால், ஒரு லிட்டருக்குச் சுமார் 2,550 கிலோஜூல் வெப்பம் வேண்டும். சிறிதும் வீணாகாமல் எரித்தால்கூட, பத்து லிட்டர் நீருக்கு முக்கால் லிட்டர் டீசல்! எந்தப் படகுக்காரரும் இதற்கு ஒப்பமாட்டார். காமராசர் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களுக்கு இக்கவலை இல்லை. எந்திரத்தைக் குளிர்வித்து வரும் சூடான நீரைக் கொண்டே, அழுத்தம் குறைந்த கலத்தில் கடல்நீரை ஆவியாக்கி நன்னீர் பெறுகிறார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இதே தத்துவத்தை இன்னும் மென்மையாகப் பயன்படுத்தியது. வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குக்கு அழுத்தத்தைக் குறைத்தால், மேற்பரப்புக் கடல்நீர் அதன் இயல்பான வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஆவியை ஆழ்கடலின் குளிர்ந்த நீரால் குளிர்விக்கலாம். இம்முறையில் 2005-இல் கவரத்தித் தீவிலும், 2007-இல் சென்னைக்கு அப்பால் கடலில் ஒரு மிதவைக் கலத்திலும் நன்னீர் எடுக்கப்பட்டது. 2009-இல் நம் வடசென்னை அனல் மின் நிலையத்திலேயே, வெளியேறும் சூடான நீரைக் கொண்டு ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள ஆலை வேறு வகை. அது சவ்வுகளின் வழியே கடல்நீரைப் பேரழுத்தத்தில் செலுத்தி வடிக்கிறது. சிறிய விசைப்படகில் இவற்றுக்கெல்லாம் இடமேது? அங்கே இரண்டு லிட்டர் குவளையும் இரண்டு ஆளின் முறுக்கலும்தான்.

அலசல் கணக்கை நீங்கள் சோதித்துப் பார்க்க விரும்பினால், ஒரே அளவான இரண்டு கைக்குட்டைகளை உப்புநீரில் நனைத்து, ஒரே மாதிரிப் பிழிந்துகொள்ளுங்கள். ஒன்றை அரை லிட்டர் நீரில் ஒரே தடவையும், மற்றதை அதே அரை லிட்டரை ஐந்தாகப் பிரித்து ஐந்து தடவையும் அலசுங்கள். பிறகு இரண்டையும் சம அளவு புதுநீரில் ஊறவைத்து, அந்நீரில் சில துளி வெள்ளி நைட்ரேட் கரைசலை விடுங்கள். குளோரைடு இருந்தால் வெண்மையாகக் கலங்கும். எந்தக் குவளை அதிகம் கலங்குகிறது என்று பாருங்கள். குழாய் நீரிலும் குளோரைடு உண்டு. ஆகவே சோதனை முழுவதற்கும் காய்ச்சி வடித்த நீரையே கொள்ள வேண்டும். வெள்ளி நைட்ரேட்டைக் கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் கையாளுங்கள். சட்டையில் பட்டால் கறுப்பாகக் கறை பிடிக்கும். ஐந்து முறை அலசினாலும் அது போகாது.