இடம் தேடி – 14: எல்லையில் ஓர் அட்டைப்படம்

பெங்களூருவில் ஓர் இசைக்குழுவைப் படமெடுக்க வேண்டும் என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ராமநகரப் பாறைகள். 1975இல் ‘ஷோலே’ வந்ததிலிருந்து அந்தப் பாறைகள் கப்பர் சிங்கின் சொத்து. அங்கே யாரைக் கிதாரோடு நிறுத்தினாலும் பார்ப்பவர் கண் குதிரையைத் தேடும். அடுத்த யோசனை தண்டவாளம். 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி அது அத்துமீறல், ஆறு மாதம் வரை சிறை. உயிருக்கு ஆபத்து என்பது தனிக்கணக்கு.

நான் படமெடுக்க வேண்டியிருந்தது கன்னடமும் தமிழும் கலந்து பாடும் ஓர் இளைஞர் குழுவை. ஓர் இசை இதழின் அட்டைக்குப் படம். நான் ஒசூர் சாலையில் கர்நாடக–தமிழ்நாடு எல்லையை ஒட்டிய அத்திபெலே என்றேன். சுங்கச்சாவடியும் லாரிப் புகையும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று ஆசிரியர் குழு சிரித்தது.

பதிலுக்கு நான் ஓர் ஆல்பம் அட்டையின் கதையைச் சொன்னேன். பீட்டில்ஸ் தங்கள் ஆல்பத்துக்கு ‘எவரெஸ்ட்’ என்று பெயர் வைத்து, இமயமலைக்கே போய்ப் படமெடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 1969 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டூடியோ வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளை நிறுத்த, இயன் மெக்மில்லன் ஏணியில் ஏறி எடுத்தது ஆறே படங்கள். ‘அபே ரோடு’ அப்படித்தான் வந்தது. இரு மொழியில் பாடும் இந்தக் குழுவுக்கு அப்படியொரு வாசல், இரு மாநிலங்களை இணைக்கும் ஒசூர் சாலை.

வெளிச்சமும் இதற்குத் தோதாக இருக்கிறது. இங்கே சாலை தென்கிழக்காக ஓடுகிறது. டிசம்பரில் ஒசூர்ப் பக்கம் பார்த்து நின்றால், சூரியன் ஏறக்குறைய சாலையின் முனையிலேயே எழும். சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் குழுவை நிறுத்தி 200 மி.மீ. லென்ஸ் போட்டால், தொலைவில் வரும் லாரி தோளை உரசுவது போலத் தெரியும். மேலே இதழின் பெயர் உட்கார வானம் தாராளம். மலைப்பின்னணியில் பெயருக்கு இடம் கிடைக்காமல் அட்டை வடிவமைப்பாளர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

அத்திபெலேயின் பட்டாசுக் கடை வரிசையும் பட்டியலில் இருந்தது. வண்ணத்துக்குக் குறைவில்லை. ஆனால் 2023 அக்டோபர் 7 தீ விபத்தில் அங்கே கருகியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி வேலைக்கு வந்த பையன்கள். அங்கே போய்க் கிதாரோடு போஸ் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடித்துவிட்டேன்.

கடைப்பலகைகளையும் தவிர்த்தேன். 2024 திருத்தச் சட்டப்படி கர்நாடகத்தில் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் தமிழ். எது சட்டகத்தில் விழுந்தாலும் பாட்டை விட்டுவிட்டுப் பலகையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மிஞ்சியது அத்திபெலேக்கும் தமிழ்நாட்டுப் பக்கத்து ஜூஜூவாடிக்கும் நடுவே உள்ள நடை. 2016 செப்டம்பரில் காவிரிப் போராட்டம் சூடேறி பஸ்கள் எல்லையோடு நின்றபோது, பெட்டியும் குழந்தையுமாக ஜனங்கள் நடந்து கடந்தது இங்கேதான். அதே ஓரத்தில் இவர்கள் வாத்தியப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்கட்டும் என்று முடிவு. போஸ் எதுவும் வேண்டாம்.

இனி ஒரே சிக்கல்தான். டிசம்பர் வெளிச்சம் ஏழரைக்குள் முரடாகிவிடும். ராத்திரி முழுக்க வாசித்துவிட்டு வரும் டிரம்மரை ஆறரைக்கு அத்திபெலேயில் நிறுத்த வேண்டும். அது அடுத்த வாரம்.