மீன் வளர்க்கத் தொடங்குவோர்க்கு நயமாக அறிவுரை கூறுதல்

வேலை முடிந்து வீடு திரும்பியபின் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீன்களைப் பார்த்திருப்பது மனத்திற்கு இதமான பொழுதுபோக்காகும். பெருஞ்செலவும் இல்லை. புலாவ் செபாங், தம்பின், அலோர் காஜா வட்டாரத்துப் பிள்ளைகள் பசார் மாலாமில் நெகிழிப் பையில் விற்கும் தங்கமீனை ஆசையுடன் வாங்கி வருவதுண்டு. ஒரு வாரத்திற்குள் மீன் இறந்து மிதக்கிறது. பிள்ளை கண் கலங்கியபடி, மீன் வளர்ப்பில் பழகிய ஒருவரைத் தேடிப் போகிறது. அங்கே அதற்குக் கிடைக்கும் முதற்சொல், “நீதான் கொன்றுவிட்டாய்” என்பதாக இருந்துவிடுகிறது.

இச்சொல் கடுமையானது மட்டுமன்று. பெரும்பாலும் நியாயமானதும் அன்று. புதுத்தொட்டியில் மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத ஒரு நஞ்சு. அதன் பெயர் அம்மோனியா. பால்மரம் வெட்டுவோர்க்கு இதனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பால் உறைந்துவிடாதிருக்கச் சேர்க்கப்படும் அம்மருந்தின் நெடி நாம் அறிந்ததே. அதே பொருளை மீன் தன் செவுள்களின் வழியாக இடைவிடாது வெளியேற்றுகிறது. ஆற்றில் அது நீரோட்டத்தில் கலைந்து போகும், தொட்டியில் தங்கிவிடும். நம் மூக்குக்கு எட்டாத சிறு அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதுமானது. நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கும். பிள்ளை எப்படி அறியும்?

நாட்பட்ட தொட்டியிலுள்ள கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ்கின்றன. அவற்றுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. பிறிதொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை போதிய அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் வரை செல்லக்கூடும். அதற்குமுன் பத்து மீன்களை ஒருங்கே விட்டால் தொட்டி தாங்காது.

கற்றவர்க்கும் இத்தொல்லை நேர்ந்ததுண்டு. 1849-இல் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் தொட்டியொன்றில் தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் வைத்தார். இலைகள் அழுகி நீர் கெட்டது. அழுகலைத் தின்னும் நத்தைகளை விட்டபின்னரே நீர் தெளிந்தது. அடுத்த ஆண்டில் அவர் அதனை எழுதி வெளியிட்டார். கலங்கி நிற்கும் பிள்ளையிடம் முதலில் இதைச் சொல்லலாம்.

அடுத்துக் கேள்வி கேட்க வேண்டும். “தம்பி, தொட்டி வைத்து எத்தனை நாளாயிற்று? எத்தனை மீன் விட்டாய்? குழாய் நீரா, மழைநீரா?” விடை கேட்டபின் ஒன்றிரண்டு செயல்களை மட்டுமே கூறுதல் நலம். உணவு, இரண்டு நிமிடங்களில் தின்று தீரும் அளவே போதும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றலாம். குழாய் நீரில் குளோரின் உண்டு. ஒருநாள் வாளியில் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் அகன்றுவிடும். “அனைத்தையும் தேய்த்துக் கழுவு” என்று சொல்வோர் நல்லெண்ணத்துடன்தான் சொல்கின்றனர். ஆயின் அவ்வாறு கழுவினால் வளரத் தொடங்கிய நுண்ணுயிர்களும் போய்விடும். நோயற்ற நம் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்லை ஈரம் காயாமல் எடுத்துக் கொடுப்பது அதனினும் மேலான உதவி.

தந்தை உடனிருக்கையில், மகன்முன் அவரைத் திருத்தலாகாது. “அண்ணே, இந்தச் சிறு போத்தலில் தங்கமீனா?” என்று நகைப்பதைவிட, “இது ஒரு சாணுக்குமேல் வளரும் மீன் அண்ணே, பெரிய தொட்டி கிடைக்குமா பாருங்கள்” என்று சொல்லலாம். நீரின்மேல் வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்புடைய சண்டை மீனே சிறு தொட்டிக்கு ஓரளவு ஒத்துவரும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். களைக்கொல்லி கலக்கிய வாளியை யாரேனும் மீனுக்குப் பயன்படுத்தக் கண்டால் மட்டும் நயம் பார்க்க வேண்டியதில்லை, உடனே தடுத்துவிடுக.

கடுஞ்சொல் கேட்டவர் மீன் வளர்ப்பைக் கைவிடுவதோடு காரியம் முடிவதில்லை. தொட்டி வீட்டின் பின்புறம் போய்ச் சேர்கிறது. மழைநீர் தேங்குகிறது. ஏடிஸ் கொசுவின் முட்டை ஏறத்தாழ பத்து நாட்களுக்குள் கொசுவாகிவிடும். டிங்கிக் காய்ச்சல் அடுத்த வீட்டுக் குழந்தையையும் விடாது. கொசு பெருக இடங்கொடுப்பது 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றமுமாகும். எனவே மனம் தளர்ந்தவரிடம் தொட்டியைக் கவிழ்த்து வைக்கும்படியேனும் அன்பாகக் கூறுக.

மீனைச் சுங்கையில் விடப்போவதாகச் சிலர் சொல்வர். உயிர்மேல் கொண்ட இரக்கத்தால் சொல்வதாதலின் சினத்தல் வேண்டா. தொட்டியைத் துப்புரவாக்க வாங்கப்பட்ட பண்டாராயா மீன் இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகிக் கிடப்பதை எடுத்துக்காட்டி, அம்மீனை நாமே வாங்கி வைத்துக்கொள்ளலாம். இடமில்லையெனில் விற்ற கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.