அயல்நாட்டில் வீடு: வாடகையா, சொந்தமா?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த வாக்கை நம்மவர் பெட்டி படுக்கையோடு கடல் கடந்தும் கொண்டு செல்கின்றனர். அதில் பிழையொன்றுமில்லை. ஆனால் போய் இறங்கிய ஊரில், இறங்கிய ஆண்டிலேயே வளை தோண்ட முற்படுவது தகுமா என்பதே கேள்வி.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த இளங்குடும்பத்தார் நம்மைக் காண வந்திருந்தனர். மனைவி செவிலியர், ஜெர்மனி நாட்டின் மேற்கே, நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்து நகரொன்றில் மருத்துவமனை வேலைக்கு ஆணை பெற்றிருந்தார். கணவரும் கைக்குழந்தையும் சில மாதங்களில் பின்தொடர்வதாக ஏற்பாடு. உடன் வந்திருந்த கணவரின் தாயார் ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக அமர்ந்திருந்தார். பையில் இருந்தது வீட்டுப் பத்திரம்.

"சாமி, அங்கே மாதாமாதம் 800 யூரோ வாடகை என்று தண்டம் அழுவதைவிட, இந்த வீட்டை விற்று அங்கேயே ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்க்கிறோம். அம்மாவும் சம்மதித்துவிட்டார்கள்" என்றார் மகன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பையின் கைப்பிடியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

வீடு வாங்கும் கலையில் நாம் வல்லுநர் அல்லோம். நமக்கென்று ஒரு வீடும் இல்லை. ஆயினும் அந்நாட்டுப் பங்குக் குருக்கள் கோடை விடுமுறைக்குச் செல்லும் வாரங்களில் அவர்களுக்குப் பதிலாகப் பணியாற்றச் சில முறை சென்றதுண்டு. அங்கே நாம் கண்டு வியந்தவற்றுள் ஒன்று, நாட்டு மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில் வாழ்வதே. ஆசிரியர், அலுவலர், மருத்துவர் என்று நல்ல நிலையில் உள்ளோரும் ஆயுள் முழுதும் வாடகை வீட்டில் இருப்பர். அதனை யாரும் குறைவாகக் கருதுவதில்லை. பங்குப் பேரவையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், ஒரு மாலை தேநீர் மேசையில் பென்சிலும் தாளுமாக நமக்கு இதன் காரணத்தை விளக்கினார். அந்தக் கணக்கையே இக்குடும்பத்தார் முன்னும் போட்டுக் காட்டினோம்.

3,00,000 யூரோ விலையுள்ள ஓர் எளிய வீட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை கட்டுவதுபோல் அங்கே நிலம் வாங்கும் வரி உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் அது மாறும். பவேரியாவில் 3.5 விழுக்காடு, இவர்கள் போகவிருக்கும் மாநிலத்திலோ 6.5 விழுக்காடு. ஆக வரி 19,500 யூரோ. சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில்தான் கிரயம் நடைபெற வேண்டும். அவருக்கும் நிலப் பதிவேட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 விழுக்காடு, அதாவது 6,000. தரகர் வழியாக வாங்கினால், 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி விற்பவரும் வாங்குபவரும் கூலியைப் பகிர்ந்துகொள்வர். வாங்குபவர் பங்கு வழக்கமாக 3.57 விழுக்காடு, அதாவது 10,710. எல்லாம் கூட்டினால் 36,210 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று கொண்டாலும் முப்பத்தாறு இலட்சத்துக்கு மேல். இப்பணம் சுவரிலும் சேராது, கூரையிலும் சேராது. வங்கியும் பொதுவாக இதற்குக் கடன் தர விரும்பாது, கைப்பணத்தையே கேட்கும். 800 யூரோ வாடகையில் இது 45 மாத வாடகை!

"அது ஒருமுறைதானே சாமி? வாடகை என்றால் ஆயுளுக்கும் போகுமே" என்றார் மகன். நல்ல கேள்விதான். அதற்கும் பென்சிலே விடை சொல்லிற்று. விலையில் 60,000 யூரோவைக் கையிலிருந்து கட்டி மீதி 2,40,000 யூரோவுக்குக் கடன் வாங்குவதாகவும், வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். முதலாண்டு வட்டி 9,600 யூரோ. மாதத்திற்கு அதே 800! வாடகை வீட்டுக்காரருக்குப் போகிறது. வட்டி வங்கிக்குப் போகிறது. அசல் அதற்கு மேல் தனி. கூரை ஒழுகினாலோ, குளிர்காலத்தில் வெப்பக் கொதிகலன் பழுதானாலோ சொந்தக்காரரே செலவழிக்க வேண்டும். வாடகைக்காரர் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

கணக்கைவிட முக்கியமானது காலம். அயல்நாட்டில் பயின்ற செவிலியர் அங்கு இறங்கியவுடன் முழுச் செவிலியர் ஆகிவிடுவதில்லை. தகுதிச் சான்று அங்கீகரிக்கப்படும் வரை, பயிற்சியோ தேர்வோ முடியும் வரை, உதவியாளர் ஊதியமே. வேலையிலும் முதல் ஆறு திங்கள் பொதுவாகத் தகுதிகாண் பருவம். திறன்பெற்ற பணியாளராக மூன்று ஆண்டு கழித்தே, மொழித் தேர்ச்சியும் ஓய்வூதியச் சந்தாவும் காட்டி, நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை கையில் இருப்பது காலவரையறை உள்ள அனுமதி. வீட்டுக்கடனுக்கோ வட்டியைப் பத்தாண்டுக்கு நிலைப்படுத்துவதே வழக்கம். இடையில் வீட்டை விற்றுக் கடனை அடைத்தால், தான் இழக்கும் வட்டிக்கு வங்கி ஈடு கேட்கும். பத்தாண்டு கடந்தபின் ஆறு மாத அறிவிப்போடு விடுபடலாம். மூன்றாண்டுக்குள் எந்த ஊரில் இருப்போம் என்று அறியாதவர் பத்தாண்டுக்குக் கையெழுத்திடுவது எங்ஙனம்?

இது வீண் அச்சமன்று. 1960-களில் கேரளத்து இளம்பெண்கள் பலர் திருச்சபை அமைப்புகள் வழியாகவே ஜெர்மானிய மருத்துவமனைகளுக்குச் சென்றனர். 1970-களின் பிற்பகுதியில் அவர்களுள் பலருக்கு அனுமதி புதுப்பிக்கப்படாமல் ஊர் திரும்ப நேர்ந்தது. தங்கியவர்கள் வேரூன்றினர், வீடும் வாங்கினர், அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே கல்லூரியில் படிக்கின்றனர். ஆகவே வாங்குதல் தவறென்று நாம் சொல்லவில்லை. மொழி வசமாகி, உரிமை உறுதியாகி, பிள்ளைகள் ஒரு பள்ளியில் நிலைபெற்று, இன்னும் பத்தாண்டு இவ்வூரே என்று துணிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

வாடகைக்காரருக்கு அங்குள்ள பாதுகாப்பையும் நம்மவர் அறிந்திருத்தல் நலம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதுமை: முன்பணம் மூன்று மாத வாடகையை மீறக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். வாடகையில் குளிர்ந்த வாடகை, வெந்த வாடகை என்று இருவகை சொல்வர். முன்னது இடத்திற்கு மட்டும். பின்னதில் வெப்பமும் தண்ணீரும் பிறவும் சேரும். முன்பணம் குளிர்ந்ததன் மேல்தான். தக்க காரணமின்றி வீட்டுக்காரர் வெளியேற்ற இயலாது. காரணம் இருப்பினும் மூன்று மாத அறிவிப்பு வேண்டும். ஐந்தாண்டு குடியிருந்தவருக்கு ஆறு மாதம், எட்டாண்டு இருந்தவருக்கு ஒன்பது மாதம். குடியிருப்பவரோ எப்போதும் மூன்று மாதத்தில் விலகலாம்.

இடர்களும் இல்லாமல் இல்லை. பல வீடுகளில் சமையலறை என்ற பெயரில் வெறுஞ்சுவரும் ஒரு குழாயும் மட்டுமே இருக்கும். அடுப்பும் அலமாரியும் நாம்தான் வாங்க வேண்டும், அல்லது போகிறவரிடம் விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்குகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விடுவர்! வீட்டைக் காணுமுன் முன்பணம் அனுப்பச் சொல்பவர் எவராயினும் ஏமாற்றுக்காரர் என்றே கொள்க. குடியேறிய இரு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் எழுத்துச் சான்று தேவை. அதைத் தர மறுக்கும் இடத்தில் தங்கவே வேண்டாம். ஐயம் எழுந்தால் ஊர்தோறும் வாடகைக்காரர் சங்கங்கள் உள்ளன. புதிதாக வந்தோர்க்குக் காரித்தாஸ் நிறுவனம் ஆலோசனை தருகிறது.

வாடகையைத் தண்டம் என்போருக்கு ஒரு செய்தி. ஆக்ஸ்பர்க் நகரில் ஃபுக்கெராய் என்றொரு குடியிருப்பு உண்டு. யாக்கோபு ஃபுக்கர் என்ற பெருவணிகர் 1521-இல் ஏழைக் கத்தோலிக்கருக்காக நிறுவியது. ஆண்டு வாடகை அன்று ஒரு கில்டர். இன்றும் அதே மதிப்பில் 88 சென்ட் மட்டும், அதனுடன் நிறுவியவர்க்காக நாள்தோறும் மூன்று செபங்கள். ஆக்ஸ்பர்க் வாசிகளுக்கு மட்டுமே உரியது அது. நம்மவர் விண்ணப்பிக்க இயலாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்!

இவ்வளவும் சொன்னபின், தாயாரை நோக்கி, "வீட்டை விற்றபின் நீங்கள் எங்கே இருப்பீர்கள் அம்மா?" என்று கேட்டோம். "மக வீட்டில் கொஞ்ச நாள்... அப்புறம் இவன் கூட்டிக்கொள்வான் சாமி" என்றார். திறன்பெற்ற பணியாளர் தம் பெற்றோரை அழைத்துக்கொள்ளச் சட்டம் 2024 மார்ச்சு முதல் சிலருக்கு வழிவிட்டிருப்பது உண்மையே. ஆனால் போதிய வருவாய் காட்ட வேண்டும். முதியவருக்கு மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். பின்னது எளிதில் கிட்டுவதன்று. மகன் இதனை எண்ணியிருக்கவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாயின் மடியிலிருந்த பையை எடுத்து, அதை அவர் கையிலேயே கொடுத்து, "வா அம்மா, போகலாம்" என்றார்.

இப்போது அவர்கள் மூவரும் அங்கே இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கின்றனர். முன்பிருந்தவரின் சமையலறையைப் பேரம் பேசி எடுத்துக்கொண்டார்களாம். மருமகள் தகுதித் தேர்வை எதிர்நோக்கியிருக்கிறார். தாயார் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் தொலைபேசியில் பேரனின் படத்தை நம்மிடம் காட்டுவார். சென்ற வாரம் தம் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.