சிறு பறவைகளுக்கு முறையறிந்து உணவிடுவோம்

அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தம் தசையை அரிந்தளித்த சிபி மன்னரின் கதையை நாம் இளமை முதலே கேட்டு வருகிறோம். காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்த பின் உண்ணும் வழக்கமும், எறும்பும் குருவியும் உண்ணட்டும் என்று அரிசி மாவினால் கோலமிடும் வழக்கமும் நம்மவரிடையே உண்டு. உயிர்களிடத்து அன்பு காட்டுதல் நற்பண்பே. ஆயினும், அன்போடு அறிவும் சேர்ந்தால்தான் அது பயன் தரும்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், தானியம் இறைக்கப்படும் இடங்களில் மாடப்புறாக்கள் பெருங்கூட்டமாய்த் திரள்கின்றன. இவை நம் நாட்டுக் காட்டுப் பறவைகள் அல்ல. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியாவின் மேற்குத் தெற்குப் பகுதிகள் ஆகியவற்றில் பாறை இடுக்குகளில் வாழ்ந்த புறாக்களை மனிதர் பழக்கி, உலகெங்கும் கொண்டு சென்றனர். உயர்ந்த கட்டடங்களின் விளிம்புகளே இன்று அவற்றுக்குப் பாறைகளாகும். மாடங்களில் வாழும் இயல்பை அறிந்தே நம் முன்னோர் மாடப்புறா எனப் பெயரிட்டனர் போலும்!

இவை ஓர் ஈட்டில் இரண்டு முட்டைகள் இடும். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் தம் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற உணவை ஊட்டும். ஆகவே, தானியம் தாராளமாய்க் கிடைத்தால் ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்க அவற்றால் இயலும். எண்ணிக்கை பெருகப் பெருக எச்சமும் மிகுகிறது. அது கட்டடங்களை அரிக்கிறது; உலர்ந்து தூளாகிக் காற்றில் கலந்தால் நுரையீரலைத் தாக்கும் சில பூஞ்சைக் கிருமிகளையும் பரப்பக்கூடும். சிந்திய தானியம் எலிகளையும் அழைக்கிறது.

கிள்ளான் நகரின் காகங்கள் நமக்கு மற்றொரு பாடம் புகட்டுகின்றன. 1890ஆம் ஆண்டுகளில், காப்பித் தோட்டங்களை அழித்த புழுக்களைத் தின்பதற்காக, இலங்கையிலிருந்து வீட்டுக் காகங்கள் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டன. காப்பித் தோட்டங்கள் மறைந்து ரப்பர் தோட்டங்கள் தோன்றின. காகங்களோ குப்பையிலும் மிச்ச உணவிலும் வாழ்ந்து பெருகின. பிற்காலத்தில் உள்ளூராட்சியினர் அவற்றைச் சுட்டு வீழ்த்தும் நிலை ஏற்பட்டது. அளவின்றி உணவு கிடைப்பதால் பெருகும் பறவைக்கே இறுதியில் தீங்கு நேர்கிறது என்பதை நாம் உணர வேண்டும்.

அவ்வாறாயின், சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் எங்ஙனம் உணவிடுவது? புறாவின் இயல்பை அறிந்தால் வழி புலப்படும். புறா பருத்த உடலுடையது. தட்டையான இடத்தில் இறங்கி, நடந்தவாறே பொறுக்கும். எனவே, தரையிலோ மதில் மீதோ தானியத்தை இறைத்தல் கூடாது. 4 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியுள்ள கம்பிக் கூண்டினுள் சிறு கிண்ணத்தை வைத்துத் தொங்கவிட்டால், சிறு பறவைகள் நுழைந்து உண்ணும். புறா நுழைய இயலாது. அதில் தினையோ நொய்யரிசியோ ஒரு கைப்பிடி போதும். மீதியை அன்றே அகற்றி, கீழே சிந்தியதைக் கூட்டிவிட வேண்டும். கிண்ணத்தை அடிக்கடி கழுவி உலர்த்துவதும், பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் இன்றியமையாதவை.

எல்லாப் பறவைகளும் தானியம் உண்பதில்லை. மலாய் மொழியில் மெர்பா எனப்படும் சின்னான், பழுத்த வாழைப்பழத்தையும் பப்பாளியையும் விரும்பும். தேன்சிட்டுக்குச் செம்பருத்தியும் வெட்சியும் விருந்தளிக்கும். தையல்சிட்டும் கரிச்சானும் பூச்சி தின்பவை. பூச்சிமருந்து தெளிக்காத தோட்டமே அவற்றின் உணவுக்கூடம். இத்தகைய செடிகளை நாடிப் புறாக்கள் திரள்வதில்லை. ஆகையால், செடி நடுவதே சிறந்த உணவளிப்பு எனலாம்.

பறவைகளுக்கு நீர் வைப்போர் அதை நாள்தோறும் மாற்றி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேங்கிய நீரில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசுவாய் வெளிவரும் என்பதை மறத்தலாகாது.

புறாவும் ஓர் உயிரே. அதைக் கல்லெறிந்து துன்புறுத்துதல் தகாது. அளவுக்கு மீறி ஊட்டாதிருத்தலே அதற்கு நாம் செய்யும் நன்மையாகும். மாணவ மணிகளே! பள்ளித் தோட்டத்தில் ஒரு செம்பருத்திச் செடியை நட்டு, நீரூற்றி வளருங்கள். அது பூக்கும் நாளில் தேன்சிட்டு தானே தேடி வரும்.