அன்றாட வாழ்வைப் படம் பிடிக்கும் வில்லை

ஊவா மாகாணத்தின் மலைத்தொடர் தென்திசையில் தாழ்நிலத்தை நோக்கிச் சடுதியாகச் சரியும் இடத்தில் அமைந்துள்ளது ஹல்துமுல்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்து பெரகலையை அடைகின்றது. அங்கிருந்து ஒரு சாலை மேலே அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகின்றது. மற்றொன்று கொஸ்லாந்தை வழியாக, 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியைத் தாண்டி, வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. இவ்வழியாகச் செல்லும் பயணிகள் வண்டியை நிறுத்தி, சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடித்துச் செல்வது வழக்கம்.

தேயிலைத் தோட்டப் பெண்ணின் உருவம் உலகெங்கும் அச்சிடப்பட்ட உருவமாகும். 1890ஆம் ஆண்டில் கொழும்பிலே தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனத்தின் அஞ்சலட்டைகள் முதல் இன்றைய தேயிலைப் பொதிகள் வரை அவ்வுருவம் தொடர்ந்து வருகின்றது. ஆயினும் அப்படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பெரும்பாலானவை பகல் வெளிச்சத்தில், மலைச்சரிவில், வேலை நேரத்தில் எடுக்கப்பட்டவை. பொழுது புலருமுன் அடுப்பு மூட்டும் தாயும், அரைவெளிச்சத்தில் பெரட்டுக் களத்தில் நிற்கும் கூட்டமும், மாலையில் இஸ்தோப்பில் அமர்ந்து பாடம் படிக்கும் பிள்ளையும் அப்படங்களில் அரிதாகவே தோன்றுவர். பகற்பொழுது தோட்டத்துக்கு உரியது. தமக்கென்று அம்மக்கள் வாழும் பொழுதோ பெரும்பாலும் வெளிச்சம் குறைந்த பொழுது. அந்தப் பொழுது படமாகாமைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, கமராவின் வில்லைக்குப் போதிய ஒளி கிட்டாமையே.

இக்குறை பழையது. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிருந்த ஆண்டுகளில் இந்நாட்டு எளிய மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் படம் பிடித்தார். அவர் கையாண்டது ஈரத்தகடு முறை. அம்முறையில் ஒரு படம் பதிய நெடுநேரம் வேண்டும். அதுவரை எதிரில் இருப்பவர் அசையாதிருத்தல் வேண்டும். அசையாது நிற்கும் மனிதரையே காட்டக்கூடிய கருவி அன்றாட வாழ்வைக் காட்ட இயலாது. அன்றாட வாழ்வு என்பது அசைவே அன்றோ?

அசைவைப் பிடிக்க வேண்டுமானால் கமராவின் ஷட்டர் மிகச் சிறு கணமே திறந்து மூட வேண்டும். அச்சிறு கணத்துக்குள் போதிய ஒளி உள்ளே புக வேண்டுமானால் வில்லையின் வாய் அகன்றிருத்தல் வேண்டும். அவ்வாறு அகன்ற வாயுடைய வில்லையை 'வேக வில்லை' என்பர். வில்லையின் குவியத் தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணே துவார எண். 70 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லையின் துவாரம் 25 மில்லிமீற்றர் அகலமாயின் அதன் துவார எண் 2.8. அத்துவாரம் 12.5 மில்லிமீற்றராகச் சுருங்கினால் எண் 5.6 ஆகும். விட்டம் பாதியாகும்போது பரப்பு காற்பங்காகும். ஆகவே 2.8 என்னும் வில்லை, 5.6 என்னும் வில்லையைப் போல நான்கு மடங்கு ஒளியை ஏற்கின்றது. எண் சிறிதாகச் சிறிதாக ஒளி பெரிதாகும் என்பதை நினைவிற் கொண்டாற் போதும்.

அடுத்தது சூம் என்னும் அமைப்பு. சாதாரண வில்லைக்குக் குவியத் தூரம் ஒன்றே. சூம் வில்லையிலோ உள்ளேயுள்ள கண்ணாடித் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்ந்து அத்தூரத்தை மாற்றுகின்றன. நின்ற இடத்தில் நின்றபடியே அகன்ற காட்சியையும் நெருங்கிய முகத்தையும் எடுக்க அது உதவுகின்றது. 35 மில்லிமீற்றர் பிலிம் கமராக்களுக்கென விற்பனைக்கு வந்த முதல் சூம் வில்லை, 1959இல் ஃபொய்க்லெண்டர் நிறுவனத்தின் பெயரில் வெளியான 'சூமர்' ஆகும். அதனை வகுத்தவர் வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பிராங் பாக் என்பவர். அதன் குவியத் தூரம் 36 முதல் 82 மில்லிமீற்றர். துவார எண் 2.8. இன்று 24 முதல் 70 மில்லிமீற்றர் வரை மாறி, எந்நிலையிலும் 2.8 என்னும் துவார எண்ணைக் காக்கும் வேகமான நியம சூம் வில்லைகளுக்கு அதனை மூதாதை எனலாம்.

அத்தகைய வில்லையை ஆக்குவது எளிதன்று. பூச்சிடாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி திரும்பிவிடும். இருபது பரப்புகளைக் கடந்தால் பாதிக்கும் குறைவான ஒளியே மிஞ்சும். சூம் வில்லையிலோ பரப்புகள் மிகப் பல. 1935இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஒளித்தெறிப்பைக் குறைக்கும் மென்பூச்சு முறை காணப்பட்ட பின்னரே, பல கண்ணாடிகள் சேர்ந்த வில்லைகள் தெளிவான படம் தரத் தொடங்கின.

இனி, இவ்வில்லையை ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றுக்குக் கொண்டுசென்றால் என்ன பயன் என்று பார்ப்பது தகும். பழைய லயத்தின் அறை பொதுவாக 10 அடிக்கு 12 அடி. கதவோரம் ஒருவர் கமராவுடன் நின்றால் எதிர்ச்சுவர் ஏறத்தாழ எட்டு அடித் தொலைவில் இருக்கும். 35 மில்லிமீற்றர் பிலிம் அளவேயான உணரியுள்ள கமராவில் 24 மில்லிமீற்றர் நிலை அச்சுவரில் 12 அடி அகலத்தைக் காட்டும். குடும்பம் முழுவதும் அதில் அடங்கும். 50 மில்லிமீற்றர் நிலை ஆறு அடிக்குச் சற்றுக் குறைவான அகலத்தைக் காட்டும்; தாயும் பிள்ளையும் அடங்குவர். 70 மில்லிமீற்றர் நிலை நான்கு அடி அகலமே காட்டும்; அரிசி புடைக்கும் பாட்டியின் முகமும் கைகளும் மட்டும் நிறைந்து நிற்கும். அடி எடுத்து வைக்கவும் இடமில்லாத அறையில் மூன்று படங்கள், மூன்று செய்திகள்.

புகைப்படம் பழகுவோர்க்கு ஆசிரியர்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: வில்லையைத் திருகாதே, காலால் நடந்து நெருங்கு என்பர். சமநிலத்துக்கு அது நல்ல அறிவுரை. தேயிலை மலையிலோ முன்னே செல்ல நெருங்கிய செடிகள் இடந்தரா; பின்னே செல்லக் கானும் பள்ளமும் காத்திருக்கும். மழை நாளில் அட்டையும் வழுக்கலும் வேறு. அங்கே சூம் என்பது சோம்பேறியின் வசதியன்று. நிலத்தின் அமைப்பு கேட்கும் தேவை. ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. பொருள்களின் முன்பின் தோற்றத்தைத் தீர்மானிப்பது படம் எடுப்பவர் நிற்கும் இடமே. குவியத் தூரம் அன்று. 24 மில்லிமீற்றர் நிலையில் முகத்தருகே சென்று எடுத்தால் மூக்குப் பெரிதாகித் தோற்றம் கெடும். ஆகவே இயன்ற இடத்திலெல்லாம் முதலில் நிற்கும் இடத்தைத் தேர்ந்து, பின்னர் வில்லையைத் திருகுவதே முறை.

மின்னொளி விளக்கைப் பளிச்சிடச் செய்தால் இருள் நீங்காதோ என்று நேயர்கள் சிலர் வினவலாம். விறகடுப்புப் புகை நிறைந்த அறையில் அவ்வொளி புகையில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யும். தாழ்நிலத்திலிருந்து ஏறிவரும் மூடுபனியிலும் அவ்வாறே. அன்றியும், அடுப்பின் செந்நிற ஒளியும் சாளரத்தின் வெண்ணிற ஒளியும் சேர்ந்தே அந்த அறையின் உண்மைத் தோற்றத்தை ஆக்குகின்றன. பளிச்சிடும் விளக்கு அதனை அழித்துவிடும். வேக வில்லையோ இருக்கும் ஒளியையே கொண்டு படம் தருகின்றது.

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்து இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு. ரதியும் மன்மதனும் ஆடிவரும் அக்கூத்து இரவில் நிகழ்வது. உணரியின் ஒளியுணர்திறனை உயர்த்தி, 2.8 துவாரத்தில், ஒரு வினாடியின் 125இல் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்க முடிகின்றது என்று கொள்வோமாயின், அதே ஒளியில் 5.6 துவாரத்துக்கு 30இல் ஒரு பங்கு நேரம் வேண்டும். முன்னதில் ஆடுவோரின் கால்கள் தெரியும். பின்னதில் அவை கலங்கிய கோடாகிவிடும். ஆட்டமுறையை அடுத்த தலைமுறை படத்தைப் பார்த்து அறிய வேண்டுமானால் இவ்வேறுபாடு சிறியதன்று.

இவ்வில்லையின் குறைகளையும் கூறுதல் வேண்டும். முதலாவது, துவாரம் அகன்றால் தெளிவின் ஆழம் குறையும். 70 மில்லிமீற்றர் நிலையில், 2.8 துவாரத்தில், இரண்டு மீற்றர் தொலைவிலுள்ள முகத்தை எடுத்தால் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் ஆழமே தெளிவாக இருக்கும். கண்ணைக் குறிவைத்தால் காது சற்று மங்கலாம். பின்னால் நிற்பவர் முற்றும் மங்குவார். கூட்டத்தை எடுக்கும்போது துவாரத்தைச் சுருக்குதல் வேண்டும்.

இரண்டாவது, எடையும் விலையும். 2002இல் வந்த கனன் 24–70 வில்லையின் எடை 950 கிராம். 2018இல் தம்ரோன் நிறுவனம் வெளியிட்ட 28–75 வில்லை, தொடக்கநிலை அகலத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, 550 கிராமில் அடங்கியது. எடை இவ்வாறு குறைந்து வந்தாலும் விலை எளியோர்க்கு எட்டுவதாயில்லை. வாங்க இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. 50 மில்லிமீற்றர், 1.8 துவார எண்ணுள்ள சிறு வில்லை மலிவானது, 2.8ஐக் காட்டிலும் இரு மடங்குக்கு மேலான ஒளியை ஏற்பது. லய அறைக்கு அது சற்று நெருக்கமாகும்; எனினும் இஸ்தோப்புக்கும் முற்றத்துக்கும் நன்கு பொருந்தும். கைத்தொலைபேசியும் சாளரத்தருகே நல்ல படம் தரும். இருளில் அசையும் பொருளே அதற்குக் கடினம்.

மூன்றாவது குறை மலைநாட்டுக்கே உரியது. ஈரக்காற்றில் வில்லையின் உட்பரப்பில் பூஞ்சணம் படர்ந்து, வலைபோலப் பரவிக் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். தோலுறையில் இட்டு அலுமாரியில் பூட்டி வைத்தல் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்தலாகும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியுடன் வைத்தலும், வில்லையை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தலும் நல்ல காப்பு. குளிர்ந்த பனியிலிருந்து சூடான சமையலறைக்குள் நுழையும்போது கண்ணாடியில் நீர் படியும். ஆதலின் வில்லையைப் பைக்குள்ளேயே சிறிது நேரம் விட்டுவைத்து, அறையின் வெப்பத்துக்கு அது பழகிய பின்னர் எடுத்தல் நலம்.

கருவி எதுவாயினும், அது திறக்கும் கதவு ஒரு குடும்பத்தின் கதவு என்பதை உணர்தல் வேண்டும். இருளிலும் படம் எடுக்கவல்ல வில்லை, கேளாமலே எடுக்கும் உரிமையைத் தந்துவிடாது. வீட்டாரின் இசைவைப் பெறுதல், எடுத்த படத்தின் பிரதியை அவர்க்கே அளித்தல், படத்தின் பின்புறம் பெயர்களையும் நாளையும் எழுதுதல் ஆகிய மூன்றும் புகைப்படக்காரரின் கடமைகள். பழைய அஞ்சலட்டைகளில் முகங்கள் உள்ளன, பெயர்கள் இல்லை. இன்று அவற்றைக் காணும் பேரர்கள் தம் பாட்டியைக் கண்டும் அறியாது கடந்து செல்லக்கூடும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட்காலையில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. உயிர்கள் பல மாண்டன. வீடுகளோடு வீடுகளில் இருந்தவையும் மண்ணுக்குள் மறைந்தன. சுவரில் மாட்டிய படம் சுவரோடு போகும் என்பது அந்நாள் கற்பித்த பாடங்களுள் ஒன்று. ஆகவே எடுத்த படத்தின் ஒரு பிரதி வீட்டில் இருக்க, மற்றொன்று வேற்றூரிலுள்ள உறவினரிடமோ, பாடசாலையிலோ, நூலகத்திலோ இருத்தல் வேண்டும். லயத்தின் இருளுக்குள் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறூட்டும் காட்சியைப் பிடித்துத் தரும் ஆற்றல் இன்று ஒரு வில்லைக்கு உண்டு. அதனைப் பெயரோடு காத்து அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பது மனிதரின் பொறுப்பு.