முழங்காலைச் சுற்றி ஒரு காந்தப் புலம்

முழங்காலைச் சுற்றி வளையம் போன்ற ஒரு கருவியை மாட்டுகிறார்கள். சுவிட்சைப் போட்டதும் மெல்லிய ரீங்காரம் கேட்கலாம். சூடு இல்லை, குத்தல் இல்லை, அதிர்வும் இல்லை. இருபது, முப்பது நிமிடம் கழித்துக் கழற்றிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்கிறார்கள். துடிப்பு மின்காந்தப் புலச் சிகிச்சைக்கு முதன்முறை போகிறவருக்குக் கருவி வேலை செய்ததா என்ற சந்தேகமே வந்துவிடும். சந்தேகம் வேண்டாம். எதுவும் தெரியாமல் இருப்பதுதான் இதன் இயல்பு. ஏன் தெரிவதில்லை என்று தேடிப்போனால் அங்கே அழகான இயற்பியல் காத்திருக்கிறது.

வளையத்துக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரத்தை நொடிக்குச் சில முறையோ, சில பத்து முறையோ விட்டு விட்டுப் பாய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு முறையும் காந்தப் புலம் எழுந்து அடங்குகிறது. மாறும் காந்தப் புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். மின்காந்தத் தூண்டல் என்பது இதன் பெயர். நம் சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பு இந்த விதியில்தான் இயங்குகிறது. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் இடையே கம்பி கிடையாது. ஆனாலும் பாத்திரத்தின் அடிக்குள் மின்சாரம் சுழன்று சூடேற்றுகிறது. சிகிச்சைக் கருவியில் பாத்திரத்தின் இடத்தில் இருப்பது உப்புநீர் நிறைந்த நம் உடல்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. தோலில் மின்முனையை ஒட்டி மின்சாரம் செலுத்தினால் தோலே தடையாக நிற்கும். காந்தப் புலத்துக்கோ தோல், கொழுப்பு, தசை, எலும்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒளி புகும் கண்ணாடி. ஊசியோ கம்பியோ இல்லாமல், மாவுக்கட்டைக் கூடக் கழற்றாமல், மூட்டின் உள்ளே மின்சாரத்தை உண்டாக்கிவிடலாம்.

எவ்வளவு மின்சாரம்? திசுவில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிவோல்ட் அளவு. டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டை ஆயிரமாகப் பங்கிட்டால் வருவது இதுதான். ஓய்வில் இருக்கும் நரம்புச் செல் தன் சவ்வுக்கு இருபுறமும் சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு செல்லின் அளவில் பார்த்தால், தூண்டப்பட்ட மின்சாரம் அதைச் சீண்டக்கூடப் போதாது. நரம்பு விழிக்கவில்லை; அதனால் நமக்கும் எதுவும் தெரியவில்லை.

அவ்வளவு சிறியது என்ன செய்துவிடும்? இந்தக் கேள்விக்கான முதல் தடயம் ஜப்பானில், எலும்பிலிருந்து கிடைத்தது. எலும்பியல் மருத்துவர் இவாவோ யசுதாவும் இயற்பியலாளர் எய்ச்சி ஃபுகாடாவும் 1957இல் காய்ந்த எலும்புத் துண்டை அழுத்தி அளந்தார்கள். அதில் மின்னழுத்தம் தோன்றியது! அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் இந்தப் பண்பை அழுத்தமின் விளைவு என்பார்கள். உயிருள்ள ஈர எலும்பில், நுண்துளைகள் வழியே திரவம் பிதுங்கி ஓடுவதாலும் மின்னழுத்தம் உண்டாவது பின்னர் தெரியவந்தது. நாம் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் கால் எலும்பில் ஒரு நுண்மின் துடிப்பு ஓடுகிறது. சுமை விழும் இடத்தில் எலும்பு தன்னைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. சுமை இல்லாவிட்டால் கரைகிறது. விண்வெளியில் மிதக்கும் வீரர்களின் முக்கிய எலும்புகள் மாதத்துக்கு ஒரு சதவீதம் முதல் ஒன்றரை சதவீதம் வரை அடர்த்தியை இழக்கின்றன.

அப்படியென்றால் நடக்க முடியாத நோயாளியின் எலும்புக்கு அந்தத் துடிப்பை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பாசெட் குழுவினர் கேட்ட கேள்வி இது. நாய்களின் காலுக்கு வெளியே காந்தச் சுருள்களை வைத்துச் செய்த சோதனையை 1974இல் வெளியிட்டார்கள். மாதக்கணக்கில் கூடாமல் கிடக்கும் எலும்பு முறிவுகளுக்கு இத்தகைய கருவியை 1979இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. நோயாளிகள் அதை வீட்டிலேயே தினமும் பல மணி நேரம், பல மாதங்கள் அணிந்தார்கள். எலும்பை ஒட்ட வந்த கருவி, வலிக்கும் பயன்படுமா என்ற ஆராய்ச்சி பிறகு வளர்ந்தது.

வலியின் கதை எலும்பை விடச் சிக்கலானது. இத்தாலியின் ஃபெர்ராரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் ஒரு குறிப்பைக் கண்டார்கள். இந்தப் புலத்தில் வைத்த வெள்ளையணுக்களின் மேற்பரப்பில், அடினோசின் என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் ஒருவகை ஏற்பிகள் கூடுகின்றன. அடினோசின் அந்த ஏற்பிகளில் அமரும்போது அழற்சி தணிகிறது. (மூளையில் அடினோசினின் இருக்கையை மறித்துக்கொண்டுதான் காப்பி நம்மை விழிக்க வைக்கிறது.) சோதனைக் குழாயில் கண்டது முழங்காலிலும் அப்படியே நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தேட வேண்டிய திசை தெரிகிறது.

நோயாளிக்கு எதுவும் தெரியாது என்பது ஆய்வாளருக்கு வரம். மின்சாரமே பாயாத ஒரு சுருளை மாட்டினாலும் அவரால் வித்தியாசம் சொல்ல முடியாது. நம்பிக்கையால் மட்டும் எவ்வளவு வலி குறைகிறது என்பதை இப்படிப் போலிக் கருவியை வைத்து நேர்மையாகக் கழித்துவிடலாம். மூட்டுத் தேய்மானத்துக்கான இத்தகைய 9 சோதனைகளை, மொத்தம் 636 பேரை, காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு ஆய்வு தொகுத்துப் பார்த்தது. வலியை 0 முதல் 100 வரை அளந்தபோது, உண்மைக் கருவி அணிந்தவர்களுக்குப் போலிக் கருவியை விட ஏறத்தாழ 15 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. நடமாட்டத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. என் கணிப்பில் இது ஒரு துணைச் சிகிச்சை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும் இது மாற்றாகாது.

காந்த வளையல், காந்தப் பட்டை விளம்பரங்களை இதோடு சேர்க்கக் கூடாது. அசையாத காந்தத்தின் புலம் மாறுவதில்லை. அது தரும் தூண்டலும் எண்ணத்தக்கதல்ல. ரத்தத்திலுள்ள இரும்பை அது இழுத்து ஓட்டத்தைக் கூட்டும் என்பதும் தவறு. அந்த இரும்பு ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுக்களாகக் கட்டுண்டிருக்கிறது. 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் அலகு) எம்ஆர்ஐ இயந்திரம்கூட அதைப் பிடித்து இழுப்பதில்லை.

சில மருத்துவமனைகளில் இன்னொரு வகைக் கருவி இருக்கும். அதன் புலம் டெஸ்லா அளவை எட்டும். நரம்பே தூண்டப்பட்டுத் தசை துள்ளும், 'டக் டக்' என்று சத்தம் வரும். இதே உத்தியால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு 1985இல் மண்டையைத் திறக்காமலே மூளையைத் தூண்டிக் கையை அசைய வைத்தது. உங்களுக்கு மாட்டப்போவது எந்த வகை என்று முதலிலேயே கேளுங்கள்.

மென்மையான வகை என்றால் முதல் நாளிலேயே பலனைத் தேடாதீர்கள்; பல வாரங்கள் பிடிக்கும். எத்தனை வாரத்தில் பார்த்து முடிவெடுப்பது, மொத்தச் செலவு என்ன என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். காரணம் தெரியாத வலிக்கு முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கரோ, காதில் காக்ளியர் கருவியோ, இடுப்பில் இன்சுலின் பம்போ இருந்தால், வலிப்பு நோய் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், சுருள் உங்கள் பக்கம் வரும் முன்பே சொல்லிவிடுங்கள்.