வயல் மண்ணில் ஒளிந்திருக்கும் கிருமி

2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில், ஒருவரையொருவர் அறியாத நால்வரை மெலியோய்டோசிஸ் நோய் தாக்கியது. இருவர் இறந்தனர். எவருமே வெளிநாடு சென்றிருக்கவில்லை. கிருமியின் மரபணுவை ஒப்பிட்டபோது, நால்வரையும் தொற்றியது ஒரே வகை என்பதும், அது தெற்காசிய வகைகளை ஒத்தது என்பதும் தெரிந்தது. கடைசியில் அகப்பட்டது, இந்தியாவில் தயாரான அறை வாசனைத் திரவம்.

இக்கிருமி ஈரமண்ணிலும் நீரிலும் வாழ்வது. 1911இல் ரங்கூனில் விற்மோரும் கிருஷ்ணசுவாமியும் இதை இனங்கண்டனர். மற்றப் பற்றீரியாக்களிடமிருந்து மரபணுக்களை இரவல் வாங்கும் பழக்கம் இதற்கு உண்டு. அதனால் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. அந்த வேறுபாடே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இலங்கை நோயாளரிடமும் பல மரபணு வகைகள் காணப்பட்டுள்ளன. அண்மையில் வந்த கிருமி என்றால் இத்தனை வகை இராது. எங்கள் மண்ணில் இது நெடுங்காலமாக இருக்கிறது என்றே நான் கொள்கிறேன்.

எனக்குக் கவலை, நீரிழிவோடு வெறுங்காலுடன் வயலில் இறங்குபவர்களைப் பற்றித்தான். இந்நோய் காசநோய் போலவும் தோன்றும். வழமையான நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றுக்கு மசியாது. காய்ச்சல் நீடித்தால் வைத்தியரிடம் வயல்வேலையையும் நீரிழிவையும் சொல்லுங்கள். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அதுவே வழிகாட்டும்.